பின் இருக்கை

என் அக்கா பல் செட் செய்கிறவள். எங்கள் ஊரில் அறுபதைத் தாண்டிய யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அதில் பாதி அக்காவின் கைவேலை. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஒரு கட்டில் போட்டால் கதவு திறக்காது என்கிற அளவில் ஓர் அறை. மேசை முழுக்கப் பாரிஸ் சாந்து மாவில் வார்த்த தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். மெழுகு உருக்க ஒரு சின்ன அடுப்பு, பல்லைத் தேய்க்க ஒரு மோட்டார், தூசிக்கு முகத்தில் ஒரு துணி. முதல்முறை உள்ளே போகிறவர்கள் இரண்டடி பின்வாங்குவார்கள். அக்காவோ அந்தத் தாடைகளோடு குடும்பம் நடத்துவாள். "இவரு இடது பக்கமாவே மெல்லுவாரு. பிடிவாதக்காரரு" என்று, முகமே பார்க்காத மனிதரைப் பற்றி அடித்துச் சொல்வாள்.

அவளுக்கு ஒரு வியாதி உண்டு. செய்து முடித்ததைக் கையைவிட்டு அனுப்ப மாட்டாள். "இன்னும் கொஞ்சம் தேய்க்கணும், இந்த ஓரம் குத்தும்" என்று வைத்துக்கொண்டே இருப்பாள். டாக்டர் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொள்வார். ஒரு பெரியவர் காத்துக் காத்து, ஈறாலேயே மென்று பழகிவிட்டு, "அந்தப் பல்லை நீயே வெச்சுக்கம்மா" என்று சொல்லி அனுப்பினார். அக்கா அதற்கும் அசரவில்லை. "அவசரப்பட்டுக் குடுத்திருந்தா வாய் புண்ணாயிருக்கும்" என்றாள்.

வாரத்தில் ஆறு நாள் இப்படி. ஞாயிற்றுக்கிழமை அக்கா பறப்பாள்.

நான் ஒன்றும் அளக்கவில்லை. டயர் கிடங்கைத் தாண்டி, ஊர் முடிகிற இடத்தில் ஒரு நீளமான புல்வெளி இருக்கிறது. அதன் ஓரத்தில் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் எங்கள் கிளப்பின் ஒரே சொத்தான கிளைடர். என்ஜின் இல்லாத விமானம். ஒல்லியான உடம்பு, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார இரண்டு இருக்கை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முடிவே இல்லாத மாதிரி நீளமான இறக்கைகள். புல்வெளியின் அந்தக் கோடியில் ஒரு பழைய லாரி என்ஜினில் பெரிய உருளை மாட்டி வைத்திருக்கிறோம். அதற்கு வின்ச் என்று பெயர். அது கம்பியைச் சுருட்டிச் சுருட்டி இழுக்க, இந்தக் கோடியிலிருக்கும் கிளைடர் நூலில் கட்டிய பட்டம் மாதிரி விர்ரென்று மேலே போகும். போதுமான உயரம் வந்ததும் உள்ளே இருப்பவர் மஞ்சள் குமிழை இழுத்தால் கம்பி கழன்று விழும். அதன் பிறகு காற்று பார்த்துக்கொள்ளும். காற்று பார்த்துக்கொள்ளாவிட்டால், சுற்றி வந்து இறங்க வேண்டியதுதான்.

அந்த வின்சை ஓட்டுகிறவன் நான். மற்ற நாட்களில் பஸ் டிப்போவில் சக்கரம் கழற்றி மாட்டுவது என் வேலை. கூடப் பிறந்தவளை வாராவாரம் வானத்தில் தூக்கி எறிகிற பாக்கியம் எத்தனை தம்பிகளுக்குக் கிடைக்கும்? சின்ன வயதில் அவள் என்னை அடித்த அடிக்கெல்லாம் வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டேன். நீ பறக்கவில்லையா என்று கேட்காதீர்கள். எனக்கு ஏணியில் ஏறினாலே வயிற்றைப் பிசையும்.

அக்கா இருபது வயதில் இதில் விழுந்தாள். தொழில் படிப்புக் கூடத்தின் பலகையில் ஒட்டியிருந்த ஒரு துண்டுத் தாளைப் பார்த்துவிட்டு, வீட்டில் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். விஷயம் தெரிந்ததும் அப்பா, "நடக்கிறதுக்குத் தரை பத்தலையா உனக்கு?" என்று வீட்டையே இரண்டாக்கினார். அப்புறம் ஒரு வரன் வந்தது. நல்ல இடம். மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் பிறகு இதெல்லாம் வேண்டாம் என்று பக்குவமாகத்தான் சொன்னார். "ஒரு தடவை முன் சீட்டுல வந்து உட்காரச் சொல்லுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று அக்கா சொல்லி அனுப்பினாள். அவர் வரவில்லை. அதற்குப் பிறகு வேறு யாரும் வரவில்லை. அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டாளா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை, கேட்டால் விழுந்து பிடுங்குவாள்.

அந்தக் காலத்தில் கிளப்பில் கூட்டம் நெரியும். ஒரு சுற்றுப் பறக்க அரை நாள் புல்லில் காத்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியில் நாங்கள் மூன்று பேர்தான். பறக்கவும் பறக்கக் கற்றுக்கொடுக்கவும் அக்கா. வின்சுக்கு நான். எல்லாவற்றுக்கும் சேர்த்து செயலாளர். அவர் தபால் ஆபீசில் ஓய்வு பெற்றவர். இதயத்தில் ஏதோ அடைப்பு என்று அவர் பறக்கிற அனுமதி எப்போதோ போய்விட்டது. ஆனாலும் ஞாயிறு விடிந்தால் தொப்பியும் ஃபிளாஸ்க்குமாக வந்து நிற்பார். வீட்டில் அவர் மனைவிக்கு அதில் பரம சந்தோஷம்.

அக்காவின் கண்ணில் பிரச்சினை இருப்பது தெரியவந்தது போன வருடம். நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டே இருந்தாள். கண் டாக்டர் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, சின்னச் சின்ன வெளிச்சங்களைக் காட்டி, எதெல்லாம் தெரிகிறது என்று கேட்டார். ஓரத்தில் வந்தவை அக்காவுக்குத் தெரியவில்லை. நேர்ப்பார்வை நன்றாக இருந்தது, பக்கப் பார்வை தேய ஆரம்பித்திருந்தது.

"பறக்கிற அனுமதிக்கு இந்த வருஷம் கையெழுத்துப் போடறேன். அடுத்த வருஷம் என்னைக் கேக்காதீங்க" என்றார் டாக்டர்.

பல் செட்டுக்கு நேர்ப்பார்வை போதும். வானத்துக்குப் போதாது. ஆக அக்காவிடம் மிச்சமிருந்தது ஒரு வருடம். பறக்கத் தெரிந்த ஒருவராவது இருக்கும்வரைதான் அந்த மைதானத்தை எங்களிடம் விட்டுவைப்பார்கள். இல்லையென்றால் பக்கத்து டயர் கிடங்கு காம்பவுண்டு சுவரை இந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த ஒரு வருடத்துக்குள் ஓர் இளசைப் பிடித்து, கற்றுக்கொடுத்து, தனியாகப் பறக்க வைக்க வேண்டும். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் படியேறாத பள்ளிக்கூடம் இல்லை. எல்லா இடத்திலும் கடைசி வகுப்புக்குப் பிறகு, பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்க்கிற நேரத்தைத்தான் கொடுப்பார்கள். அக்கா மேடையில் ஒரு நாற்காலியைப் போட்டு, துடைப்பக் கட்டையைக் காலுக்கு நடுவில் நிறுத்தி, இப்படி இழுத்தால் மூக்கு மேலே போகும், இப்படித் தள்ளினால் கீழே வரும் என்று காட்டுவாள். பிள்ளைகள் சிரிக்கும். சிரித்தால் பரவாயில்லை, கேள்வி கேட்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இதுக்கு மார்க் உண்டா மிஸ்?"

"கிடையாது."

"வேலை கிடைக்குமா?"

"கிடைக்காது. இது சும்மா, சந்தோஷத்துக்கு."

"என்ஜின் இல்லாமப் போறதுன்னா அது விழறதுதானே மிஸ்?"

"விழறதுதான். ஆனா மெதுவா, நாம நெனச்ச இடத்துல விழலாம்" என்றாள் அக்கா. அவள் சொன்னதிலேயே நல்ல பதில் அதுதான். கேட்ட பையன் அதற்குள் பக்கத்தில் இருந்தவனின் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். இன்னொரு பள்ளியில் மெலிந்த பையன் ஒருவன் எழுந்து, "பொழுதுபோக்குக்குன்னு சொல்றீங்க. ஸ்கூல் விட்டா நான் ஒர்க் ஷாப்புக்குப் போகணும். போக்கறதுக்குப் பொழுது எங்க இருக்கு?" என்று கேட்டான். அவன் நக்கலாகக் கேட்கவில்லை. அக்கா துடைப்பக் கட்டையை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள்.

அப்புறம் கிளைடரின் இறக்கைகளைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, பெரிய கடைவளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் வைத்தோம். பிள்ளைகள் வரிசையில் நின்று உள்ளே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா, பிறந்தநாளுக்கு வாடகைக்குத் தருவீர்களா என்று கேட்டார். ஒரு அப்பா இறக்கையைத் தட்டிப் பார்த்து, "அட்டையா?" என்றார். அன்றைக்கு வந்த கூட்டத்தில், நிச்சயம் பறக்க வருகிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னவர் ஒரே ஒருவர். அவருக்குப் பேரனுக்கே கல்யாணம் ஆகியிருந்தது.

சாயங்காலம் எல்லாவற்றையும் கட்டும்போது ஒரு பெண் வந்து நின்றாள். வளாகத்துக்குள் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவள், கடையின் சீருடை இன்னும் உடம்பில் இருந்தது. வயது பத்தொன்பது இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்கத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"எவ்ளோ நாள்ல கத்துக்கலாம்?" என்று கேட்டாள்.

மார்க்கும் இல்லை, சம்பளமும் இல்லை, இப்படி ஒரு கேள்வி. அக்கா கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டாள்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண் பஸ் பிடித்து வந்துவிட்டாள். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். எங்களுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல், வின்சுக்குப் பின்னால் உட்கார்ந்து முழுவதையும் தானே தின்று தீர்த்தாள். செயலாளர் கையும் களவுமாகப் பிடித்தார். அன்றிலிருந்து அவள் பெயர் பிஸ்கட். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் எங்கள் மூவருக்கும் சேர்த்துக் கொண்டுவருவாள். அக்காவை அக்கா என்றாள், என்னை அண்ணா என்றாள். முன்மண்டை வழுக்கை விழுந்தவனை அண்ணா என்று கூப்பிட ஒரு பெரிய மனசு வேண்டும். எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது.

ஞாயிறு லீவு வேண்டும் என்பதற்காக அவள் கடையில் மற்ற எல்லா நாளும் கடைசி ஷிஃப்ட் எடுத்துக்கொண்டாள். எங்களிடம் வந்தாலும் சும்மா இல்லை. இந்த விளையாட்டில் சில நிமிடம் பறக்க, நாள் முழுக்க வெயிலில் வேலை செய்ய வேண்டும். இறங்கிய கிளைடரைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும், விழுந்த கம்பியை இழுத்து வர வேண்டும், புறப்படும்போது இறக்கை நுனியைத் தாங்கிக்கொண்டு கூடவே ஓட வேண்டும். தாங்குகிறவர் இறக்கையைத் தூக்கி நேராகப் பிடித்தால் புறப்படத் தயார் என்று அர்த்தம், தரையில் வைத்தால் நிறுத்து என்று அர்த்தம். பலர் இதைப் பார்த்தே ஓடியிருக்கிறார்கள். பிஸ்கட் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் செய்தாள். எடை போதவில்லை என்று அவள் இருக்கைக்கு அடியில் ஈயக் கட்டி வைத்துத்தான் பறக்கவிட வேண்டியிருந்தது. செயலாளர், "பிஸ்கட்டை மட்டும் தின்னா இப்படித்தான்" என்பார்.

அவள் கை இருக்கிறதே, அது வேறு ரகம். கிளைடரின் கண்ணாடி மூடியில் வெளிப்பக்கம் ஒரு துண்டு சிவப்பு நூல் ஒட்டியிருக்கும். ஓட்டுவது சரியாக இருந்தால் அந்த நூல் நேராகப் படுத்திருக்கும், கோணலாக ஓட்டினால் அதுவும் கோணும். "மூணு வட்டம் சுத்தினா. நூல் அசையலடா. எனக்கு அது வர்றதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு" என்று அக்கா வீட்டில் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், பெற்ற பிள்ளை முதல் பரிசு வாங்கிய மாதிரி. ஆனால் மைதானத்தில் அந்தப் பெண்ணிடம் சொன்னதெல்லாம், "பரவாயில்ல. அடுத்த வாரம் பாக்கலாம்" என்பதுதான்.

கொட்டகையின் உள்சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம். யாராவது முதன்முதலில் தனியாகப் பறந்து இறங்கினால், அவர் போட்டிருக்கும் சட்டையின் முதுகுத் துணியைக் கத்தரித்து, பெயரை எழுதிச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவோம். பூப் போட்டது, கோடு போட்டது, கட்டம் போட்டது என்று அந்தச் சுவர் முழுக்க முதுகுகள். பார்க்க அழகாக இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும். ஏனென்றால் கடைசியாக மாட்டிய அத்தனை இளசுகளும் துணி வெட்டிய கையோடு ஓடிப்போனவர்கள். ஒருவன் போட்டோவைப் போட்டு ஊரெல்லாம் கைதட்டு வாங்கினான், மறுவாரமே ஆளைக் காணவில்லை. ஒருத்திக்குக் கல்யாணம். ஒருவன் தெருவில் என்னைப் பார்த்ததும், "அது முடிச்சாச்சு அண்ணா, இப்ப நீச்சல்" என்றான். தனியாகப் பறக்கிறவரைக்கும்தான் ஆசை. அதற்குப் பிறகு அது அவர்களுக்கு ஏறி இறங்கிய மாடிப்படி. அக்கா ஒவ்வொரு முறையும் அடுத்த ஞாயிறு காலை வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் வின்சிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வழக்கத்தைப் பற்றிச் செயலாளர் பிஸ்கட்டிடம் சொல்லிவிட்டார். மறுவாரம் அவள் தன் அப்பாவின் பழைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். காலர் நைந்து, தோள் முழங்கை வரைக்கும் தொங்கியது. "நல்ல சட்டை எதுக்கு வீணாகணும்?" என்றாள். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அந்த நீலச் சட்டைதான். வாராவாரம் துவைத்து, மடித்து, வெட்டுப்பட வந்தது அந்தச் சட்டை. அக்கா வாராவாரம் அதை முழுசாகத் திருப்பி அனுப்பினாள்.

முதலில் காரணங்கள் நியாயமாக இருந்தன. கம்பி நடுவழியில் அறுந்தால் என்ன செய்வாய் என்று பழக்க வேண்டும். அக்கா பின் இருக்கையில் இருந்தபடி, பாதி உயரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் குமிழை இழுத்துவிடுவாள். பிஸ்கட் அலட்டிக்கொள்ளாமல் மூக்கைத் தாழ்த்தி நேராக இறக்கினாள். பிறகு பக்கக் காற்று. அதையும் செய்தாள். பிறகு புல் ஈரம். பிறகு மேகம் சரியில்லை. ஒரு வாரம் வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது, காற்றும் இல்லை. அன்றைக்கு அக்கா, "ரொம்ப சுலபமா இருக்கு இன்னைக்கு. இதுல தனியாப் போய் என்ன கத்துக்கப் போறே?" என்றாள். வின்சுக்குப் பக்கத்தில் நின்ற செயலாளர் ஃபிளாஸ்க்கின் மூடியை டொக்கென்று வைத்தார்.

"உங்க அக்காவுக்கு என்ன ஆச்சு? அந்தப் பொண்ணு மழைக்கு முன்னாடியே ரெடி" என்றார் என்னிடம்.

அன்று வீட்டில் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நான் கேட்டேவிட்டேன். "ஏன்க்கா அவளை அனுப்ப மாட்டேங்கிறே?"

"அனுப்புவேன்."

"எப்ப?"

"கடைசி வாரம்."

எனக்குப் புரியவில்லை. அக்கா கையைத் துடைக்காமலேயே திரும்பினாள்.

"இப்ப அனுப்பினா என்ன ஆகும்? துணியை வெட்டுவோம், கைதட்டுவோம். மறுவாரம் வர மாட்டா. அந்தச் சுவத்தைப் பாத்தியா இல்லையா நீ? இவளும் போயிட்டா வேற ஆளைத் தேட எனக்கு ஏது நேரம்? என் அனுமதி முடியற கடைசி ஞாயித்துக்கிழமை அனுப்புறேன். அதுவரைக்கும் அந்த ஆசையிலயாவது வந்துகிட்டு இருப்பா. அப்புறம் நான் பறக்க முடியாம நிக்கிறதைப் பாத்தா, விட்டுட்டுப் போக அவளுக்கு மனசு வராது."

"இது என்னக்கா கணக்கு? அவ என்ன உன் மேசையில இருக்கிற தாடையா?"

"உனக்கு ஒன்னும் தெரியாது. வின்சை ஒழுங்கா ஓட்டு, போதும்."

நான் சொல்லி அக்கா கேட்டதாகச் சரித்திரம் இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் ஈரக் கையோடு நின்று பேசியவள் திரும்பும்போது கதவில் தோளை இடித்துக்கொண்டாள். வலித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. முப்பது வருடமாக ஒரு புல்வெளியை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தியவள். அதை யார் கையில் கொடுப்பது என்ற பயம் அவளுக்கு மூளையைக் குழப்பிவிட்டது. என் அக்காவைப் பார்த்து நான் பரிதாபப்பட்டது அதுதான் முதல் தடவை, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பிஸ்கட் தவறாமல் வந்தாள். ஆனால் மாறிக்கொண்டு வந்தாள். முன்பெல்லாம் இறங்கியதும், "அந்தத் திருப்பம் எப்படிக்கா இருந்துச்சு?" என்று வாய் ஓயாமல் கேட்பாள். அது குறைந்தது. அக்கா அடுத்த வாரம் என்றால், சரிக்கா என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடி மூடியைத் துடைக்கப் போய்விடுவாள். ஒருநாள் கம்பி இழுத்துக்கொண்டு வின்ச் பக்கம் வந்தவள், "அண்ணா, சில பேருக்கு எவ்ளோ கத்துக்கிட்டாலும் வராதில்ல?" என்று கேட்டாள். யார் சொன்னது, உனக்கு நன்றாக வருகிறது என்றேன். "நீங்க கீழ இருந்துதானே பாக்கிறீங்க. பின்னாடி உட்கார்ந்து பாக்கிறவங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். நான் அதை அக்காவிடம் போய்ச் சொன்னேன். "இன்னும் ரெண்டு வாரம்தானே, அனுப்பினதும் எல்லாம் சரியாயிடும்" என்றாள் அக்கா.

அந்தக் கடைசி ஞாயிறும் வந்தது. அக்காவின் அனுமதி செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது. காலையிலிருந்தே நல்ல வெயில், புல் காய்ந்திருந்தது, காற்று நேராகவும் மெதுவாகவும் வந்தது. அக்கா விடிவதற்கு முன்பே எழுந்து குளித்து, கைப்பையில் பெரிய கத்தரிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் அவள் ஏதோ ஒரு பாட்டை மூக்குக்குள் முனகிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பாட வராது. அன்றைக்கு அது காதுக்கு இதமாகத்தான் இருந்தது.

பிஸ்கட் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தாள். பளிச்சென்று புது மஞ்சள் சட்டை, அதன் கையில் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை.

"நல்லா இருக்கே சட்டை" என்றார் செயலாளர், பேச்சுக்கு.

"இங்கிருந்து நேரா என் கூட வேலை பாக்கிற பொண்ணு வீட்டுக்குப் போகணும் சார், ஒரு விசேஷம்."

அக்கா கிளைடரின் கட்டுக் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. எனக்கு அந்த நீலச் சட்டைதான் ஞாபகத்துக்கு வந்தது.

அன்று செயலாளர் வின்சுக்குப் போகிறேன் என்றார். இந்த ஒரு நாளாவது என் கையால் இழுக்கிறேன் என்று அடம்பிடித்தார். ஆகவே நான் இறக்கையைப் பிடிக்க நின்றேன். முதலில் அக்காவும் பிஸ்கட்டும் சேர்ந்து ஒரு சுற்று போய் வந்தார்கள். இறக்கம் வெண்ணெய் மாதிரி இருந்தது. சக்கரம் எப்போது புல்லைத் தொட்டது என்றே தெரியவில்லை. கிளைடரைத் திருப்பிக் கொண்டுவந்து, கம்பியை மாட்டினேன். பிஸ்கட் முன் இருக்கையில் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தாள். அக்கா பின் இருக்கையில் ஏறவில்லை. குனிந்து அந்த இருக்கையின் பெல்ட்டுகளைக் குறுக்காகப் போட்டு, எதிலும் மாட்டிக்கொள்ளாதபடி இறுக்கிக் கட்டினாள். காலி இருக்கையைக் கையால் ஒருமுறை தடவிவிட்டாள். பிறகு முன்னால் வந்து நின்றாள்.

"தனியாப் போயிட்டு வா" என்றாள்.

பிஸ்கட் அக்காவைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த சிவப்பு நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்க்கா."

"என்ன வேணாம்?"

"எனக்கு வராது."

"யாரு சொன்னா?"

"நீங்கதான்க்கா. வாராவாரம் சொன்னீங்க."

என் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியில், வின்ச் பக்கமிருந்து செயலாளரின் குரல் கரகரத்தது. "நான் ரெடி. இறக்கையைத் தூக்குங்க." நான் இறக்கை நுனியைப் பாதி உயரத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னைக்குக் கடைசி நாளுன்னு எனக்குத் தெரியும். உங்க கண்ணைப் பத்தி சார் சொன்னாரு" என்றாள் பிஸ்கட். "அதனாலதான் அனுப்புறீங்க. எனக்கு வந்துடுச்சுன்னு அனுப்பல."

"இல்லம்மா. சத்தியமா இல்ல. நீ எப்பவோ ரெடி. மழைக்கு முன்னாடியே ரெடி. இவனைக் கேளு, வீட்டுல எத்தனை தடவை சொல்லியிருக்கேன்னு."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

என் அக்கா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பாவிடம் கேட்டதில்லை, அந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டதில்லை. அன்று புல்லில் முழங்கால் போட்டு, கிளைடரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, செருப்புக் கடைப் பெண்ணின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "சொன்னா நீ போயிடுவேன்னு பயந்தேன். எல்லாரும் போயிட்டாங்க. நீயும் தனியாப் பறந்துட்டா அதோட போயிடுவேன்னு நெனச்சேன். தப்புதான். என்னை மன்னிச்சுடு. இப்ப போம்மா."

பிஸ்கட் கோபப்படவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"போயிருப்பேனோ என்னவோ. எனக்கே தெரியலக்கா" என்றாள் கடைசியில். "ஆனா பறந்துட்டுப் போயிருப்பேன்."

"இப்பவும் பறக்கலாம்."

"பாருங்க" என்று பிஸ்கட் வலது கையை விரித்துக் காட்டினாள்.

அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. சுற்றுக்குச் சுற்று நூல் அசையாமல் ஓட்டிய கை. நடுங்குகிற கையைத் தனியாக அனுப்பக் கூடாது என்பது எந்தப் புத்தகத்திலாவது இருந்தாலும் இல்லாவிட்டாலும், அக்கா எங்கள் எல்லோருக்கும் சொன்ன முதல் பாடம். அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். தன் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து அழுத்தினாள். விட்டுப் பார்த்தாள். மறுபடி பிடித்தாள். அது நிற்கவில்லை.

"தூக்குங்கப்பா, காத்து நல்லா இருக்கு" என்றது வாக்கிடாக்கி.

அக்கா உள்ளே கையை நீட்டி மஞ்சள் குமிழை இழுத்தாள். கம்பி கழன்று விழுந்தது. நான் இறக்கையைப் புல்லில் வைத்தேன்.